ஜாவா வகுப்பில் வீட்டுக்காரர் ஆஜர்

ஆனி மாசக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அறிவித்தார்.

"சொர்ணம், நான் ஜாவா கத்துக்கப் போறேன்."

ஜாவா என்று ஒரு மோட்டார் பைக் உண்டு. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார். அதை உதைத்து உதைத்தே அவர் கால் போனது. இவருக்கு வயது ஐம்பத்தொன்று. இரண்டு முட்டியிலும் வலி.

"இந்த முட்டிய வெச்சிகினு பைக்கா? எங்கனா வுழுந்து வெச்சா யாரு பாக்கறது?"

"பைக் இல்ல. கம்ப்யூட்டர் பாஷை. கம்ப்யூட்டர்கிட்ட அதுல தான் பேசணும்."

"எங்கிட்டயே நீங்க நாளைக்கு நாலு வார்த்த தான் பேசறீங்க. அதுகிட்ட இன்னா பேசப் போறீங்க?"

"இப்ப பேசனதோட இன்னிக்கு நாலு முடிஞ்சிபோச்சு," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

மீதியைச் சாப்பாட்டில் வைத்துப் பிடுங்கினேன். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருஷமாக ஸ்டோர் கீப்பர். எந்த நட்டு எந்த ரேக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் புதிதாக தேவராஜ் என்று ஒரு மேனேஜர் வந்திருக்கிறார். இனிமேல் ஸ்டோரைக் கம்ப்யூட்டர் தான் பார்க்குமாம். சனி, ஞாயிறு காலையில் வீட்டிலிருந்தே லாப்டாப்பில் ஜாவா வகுப்பு, பன்னிரண்டு வாரம். கடைசியில் அவரவர் வேலைக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். தேறினால் கம்ப்யூட்டர் ரூம், ஏ.சி., பகல் டூட்டி. தேறாவிட்டால் ஊத்துக்கோட்டை ரோட்டில் கட்டியிருக்கும் புது கோடவுன். மூன்று ஷிஃப்ட். நின்றுகொண்டே வேலை.

நாங்கள் இருப்பது பட்டாபிராமில். அம்பத்தூருக்கு ஒரே ரயில், உட்கார்ந்து போகலாம். கோடவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் படி உயரம். இவர் முட்டி மடங்காது. மழை வந்தால் அந்த ரோட்டில் தண்ணீர் நிற்கும். தண்ணீரில் பாம்பு வரும்.

"எப்பிடினா தேறிடுங்க," என்றேன்.

"அத்தெல்லாம் ஜுஜுபி," என்றார்.

முதல் சனிக்கிழமை குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் லாப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்திலேயே தையல் மிஷினில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிளவுஸ் தைப்பது தான் எனக்குத் தொழில். மிஷின் இருப்பதும் அந்த அறை தான், லாப்டாப்புக்கு பிளக் இருப்பதும் அந்த அறை தான்.

அரை மணி நேரம் கழித்து இவர் தலையில் கை வைத்தார்.

"இன்னா ஆச்சு?"

"வரி முடிஞ்சா ஒரு அரைப்புள்ளி வெக்கணுமாம். ஒரு எடத்துல வுட்டுட்டேன். அதுக்கு ஒம்போது தப்பு காட்டுது. உங்கம்மா மாதிரியே கீது."

"தையல் முடியற எடத்துல முடிச்சு போடலன்னா மொத்தமும் பிரிஞ்சிக்கும். அதான் கேக்குது. போட்டு வுடுங்க."

போட்டார். ஒன்பது தப்பும் மறைந்தன. என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் தான் அவருடைய திட்டம் பிறந்தது என்று பிற்பாடு புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பருத்திப்பட்டில் சுப்பராயன் என்று இவருடைய சிநேகிதர் இருக்கிறார். அவர் வீட்டில் கேரம் போர்டு இருக்கிறது.

"சொர்ணம், நீ சும்மா தான மிஷின்ல உக்காந்துகினு கீற?"

"சும்மா இல்ல. தச்சிகினு கீறேன்."

"அதான் சொல்றேன். கண்ணு துணியில, காது இதுல. கேமராவ மூடிட்டேன். மேடம் பேரச் சொன்னா, எம்பேர போட்டு பிரசன்ட் மேம்னு அடி. நடுவுல ஒருதபா இந்தக் கட்டைவிரல் படத்த அமுக்கு. அம்மாம் தான்."

"மாட்டிகினா?"

"மாட்ட மாட்டோம்."

"கரண்ட் போனா?"

"போவாது."

"மேடம் எதனா கேள்வி கேட்டா?"

"த பாரு, இருபத்தாறு வருஷமா பயந்துகினே கீற. நீ பயந்ததுல எதனா ஒண்ணு நடந்துகீதா?"

"நான் பயந்ததால தான் நடக்கல."

அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார். கேரம் என்றால் அந்த முட்டி மடங்கும்.

எங்கள் பக்கம் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால் கூட கார்டைத் தான் நீட்டுவேன். இப்போது செங்கல்வராயன் என்று பதின்மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடிக்க வேண்டியதாயிற்று. வாயால் சொல்லவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பாடம் எடுத்தது சிம்ரன் என்று ஒரு மேடம். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல குரல், தமிழில் விளக்கிச் சொன்னாங்க. அன்றைக்குப் பாடம் கிளாஸ், ஆப்ஜெக்ட். "கிளாஸ்னா ஒரு பிளான். ஆப்ஜெக்ட்னா அந்த பிளான வெச்சு செய்யற பொருள். கார் பிளான் ஒண்ணு தான், கார் ஆயிரம்," என்றாங்க. புரிஞ்சுதா என்று கேட்டதற்குப் பதினான்கு பேரில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. எத்தனை பேர் வீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாளோ.

எனக்குப் பாவமாக இருந்தது. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறது அந்தப் பெண். சுவரில் பார்த்தேன். ஆணியில் என் பேப்பர் கட்டிங் தொங்கியது. முப்பத்தாறு சைஸுக்கு ஒரு நியூஸ் பேப்பரை வெட்டி வைத்திருக்கிறேன். அந்த ஒன்றை வைத்து நாற்பது பிளவுஸ் தைத்திருப்பேன். நாற்பதும் வேறு வேறு கலர். ஆனால் பேப்பரை யாரும் உடுத்திக்கொண்டு போக முடியாது. இதைத்தானே மேடம் சொல்கிறாங்க என்று தோன்றியது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டேன்.

மேடம் அதைச் சத்தமாகப் படித்தாங்க. "சூப்பர் செங்கல்வராயன் சார். இதவிட நல்லா நானே சொல்ல முடியாது. ஆமா, பிளவுஸ் தைக்கறது பத்தி சாருக்கு எப்படி இவ்ளோ தெரியும்?"

கட்டைவிரல் படத்தை அமுக்கினேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமை எப்போது வரும் என்று ஆகிவிட்டது. ஒரு வாரம் பிரைவேட் பற்றிப் பாடம். ஒரு பொருளின் உள் விஷயத்தை வெளியார் நேராகத் தொடக்கூடாது, முறையாகக் கேட்டால் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு தான் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு வனஜாக்கா பிளவுஸ் வாங்க வந்து, "அந்த ரேவதிக்கு இடுப்பு இப்ப இன்னா சைஸு?" என்று மெல்லக் கேட்டாங்க. என் அளவு நோட்டை யாருக்கும் காட்டியதில்லை. "பிளவுஸ் நல்லா வந்துகீதான்னு வேணா கேளுங்க, சொல்றேன்," என்றேன். படிக்காமலே இத்தனை வருஷம் ஜாவா முறைப்படி தொழில் செய்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் வந்தது எக்ஸப்ஷன். அதாவது, எதிர்பாராமல் தப்பு நடந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது.

"புரோகிராம் எழுதறவங்க எப்பவும் பயப்படணும்," என்றாங்க மேடம். "ஃபைல் காணாம போனா? நம்பர் கேட்ட எடத்துல யாராவது பேர அடிச்சா? பாதில கனெக்ஷன் போனா? எல்லாத்தையும் யோசிச்சு வைக்கணும். அப்புறம், எது நடந்தாலும் நடக்கலன்னாலும் கடைசில செஞ்சே ஆகணும்னு ஒண்ணு இருக்கும். அதையும் எழுதணும்."

ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். மிஷினை நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறந்த வீட்டில் பயந்தாங்கொள்ளி என்றார்கள். புகுந்த வீட்டில் சும்மா கெட என்றார்கள். பயப்படு என்று ஒரு படித்த பெண் முதல்முறையாகச் சொல்கிறது. அதற்கு முறை இருக்கிறது, பேர் இருக்கிறது, எழுதுகிற விதம் இருக்கிறது.

வீட்டுப்பாடம், ஒரு ஃபைலைத் திறக்கும்போது என்னவெல்லாம் தப்பாகலாம் என்று மூன்று எழுத வேண்டும். நான் பதினொன்று எழுதினேன். அதற்கு மேல் தோன்றவில்லை.

கம்பெனியில் வீட்டுப்பாட மார்க்கைச் சுவரில் ஒட்டினார்கள். முதல் இடம் செங்கல்வராயன். இவர் அன்று பக்கோடா வாங்கிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா? கஷ்டப்பட்டு படிச்சா வராதது எதுவும் இல்ல சொர்ணம்."

"யாரு கஷ்டப்பட்டது?"

"பருத்திப்பட்டு வரைக்கும் வெயில்ல நடந்து போய்ட்டு வரேன், தெரியுமா?"

ஆறாவது வாரம் நான் பயந்தது நடந்தது. கை பட்டு மைக் திறந்துகொண்டது. எனக்குத் தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

"செங்கல்வராயன் சார், குக்கர இறக்கிட்டு வாங்க," என்றாங்க மேடம். "அப்புறம் ஒரு நிமிஷம் வாயத் திறந்து பேசுங்க."

"அவருக்குத் தொண்ட கட்டிகிச்சும்மா," என்றேன்.

"நீங்க யாரு?"

"நான் அவரு சம்சாரம்."

வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னாங்க. எல்லாம் போயிற்று, கோடவுன் தான், பாம்பு தான் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, அந்தப் பதினொரு தப்பு எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா. எலி வந்து ஒயர கடிச்சா இன்னா பண்றதுன்னு பன்னெண்டாவதா ஒண்ணு யோசிச்சேன். அது ஜாவாவுல வராதுன்னு வுட்டுட்டேன்."

மேடம் சிரித்தது கேட்டது. அப்புறம் கறாராகச் சொன்னாங்க. "உங்க பேரையும் லிஸ்ட்ல சேர்த்துக்கறேன், நீங்க படிங்க. ஆனா சார் ஃபேக்டரில எல்லார் முன்னாடியும் வந்து நின்னு, அவர் வாயால மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும். சொல்லலன்னா நான் கையெழுத்து போட முடியாது."

இவரிடம் சொன்னேன்.

"அத்த அப்பால பாத்துக்கலாம்," என்றார்.

"எப்ப அப்பால?"

"அந்த அப்பால வரும்போது."

சொல்லிக் கொடுத்தால் உட்கார மாட்டார். கெஞ்சினாலும் கேட்க மாட்டார். அப்போது தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. இவருக்கு ஜாவா வராது. ஆனால் ஸ்டோரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அந்த நாலு வார்த்தைக் கணக்கெல்லாம் அப்போது கிடையாது. இவர் ஜாவாவுக்குள் போகாவிட்டால், ஜாவா இவருக்குள் இருக்கிறதை எடுத்துக்கொள்ளட்டும்.

தினம் தட்டில் சோறு வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்.

"ஏங்க, அந்த ரேக்குல எல்லாம் ஒரு அட்டை தொங்குமே, அது இன்னாது?"

"பின் கார்டு. சாமான் பேரு, எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ போச்சுன்னு எழுதி அந்தந்த சாமான் மேல மாட்டி வெப்போம். அது இல்லன்னா ஸ்டோரே கெடையாது. இன்னாத்துக்கு கேக்கற?"

"சும்மா தான். ரசம் ஊத்தட்டா?"

இப்படியே ஆறு வாரம். ரசத்துக்கு ஒரு ரேக், மோருக்கு ஒரு ரேக். அவர் வாயில் வந்த வார்த்தையை அப்படியே புரோகிராமில் பேராக வைத்தேன். தப்பு நடந்தால் திரையில் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் என் வாய்க்கு வந்தபடி தமிழில் எழுதினேன். மேடம் படித்துப் பார்த்து, ஒரு எழுத்தையும் மாத்தாதீங்கக்கா என்றாங்க. நாலு நாள் கெஞ்சினேன், ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க என்று. இவர் பார்க்கவில்லை. பார்க்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அவரிடம் வேறு யோசனை இருந்தது.

புரோகிராம் காட்டுகிற நாள், ஃபேக்டரியில் ஆயுத பூஜை. மறுநாள் லீவு என்பதால் எப்போதும் ஒரு நாள் முன்னாலேயே கும்பிட்டுவிடுவார்கள். குடும்பத்தோடு வரலாம். அன்று காலை ஆறு மணிக்கு நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், லாப்டாப் சாமி மாடத்தில் இருக்கிறது. மேலே சாமந்தி மாலை. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் என் கத்தரிக்கோல், இவருடைய ஸ்க்ரூ டிரைவர்.

"இன்னாங்க இது?"

"கும்பிட்டுட்டேன். சாமிகிட்ட வெச்சத விஜயதசமி வரைக்கும் எடுக்கக் கூடாது. ஃபேக்டரியில கீற கம்ப்யூட்டருக்கெல்லாம் நேத்தே நான் தான் சந்தனம் வெச்சிட்டு வந்தேன். எத்தயும் தொட முடியாது. இன்னா பண்றது, தெய்வ குத்தம் ஆயிடுமே."

முகத்தில் அப்படி ஒரு பக்தி. லாப்டாப்புக்குப் பக்கத்தில் பொரி வைத்து நானும் கும்பிட்டேன்.

கரண்ட் போனால், லாப்டாப் விழுந்தால், எலி கடித்தால் என்று பயந்து, முந்தின வாரமே புரோகிராமை மேடத்துக்கு மெயிலில் அனுப்பியிருந்தேன். மெயில் போகாவிட்டால் என்று ஒரு பென் டிரைவ். அது தொலைந்தால் என்று இன்னொரு பென் டிரைவ். இரண்டும் என் சுருக்குப் பையில் இருந்தன.

ஃபேக்டரியில் பூசணிக்காய் உடைத்து, தீபாராதனை முடிந்து, எல்லோர் கையிலும் பொரிப் பொட்டலம். தேவராஜ் சார் முதல் பேராக இவரைக் கூப்பிட்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, சாமி குத்தத்தை உருக்கமாக எடுத்துச் சொன்னார். சார் கூட யோசித்தார். அப்போது சிம்ரன் மேடம் எழுந்தாங்க.

"எங்க வீட்ல நாளைக்கு தான் சார் பூஜை. என் லாப்டாப்ல சந்தனம் இல்ல. புரோகிராமும் என்கிட்ட இருக்கு."

இவர் பொரியை முழுங்கியது பத்தாவது வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

திரையைப் பெரிதாகச் சுவரில் காட்டினார்கள். தேவராஜ் சார் தானே உட்கார்ந்து, வால்வுக்குப் போடும் கேஸ்கட் ஏழு வேண்டும் என்று அடித்தார்.

திரையில் வந்தது: "இருக்கறதே நாலு. ஏழு எங்கேர்ந்து குடுப்பீங்க?"

சார் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். நம்பர் கேட்ட இடத்தில் வேண்டுமென்றே தன் பேரை அடித்தார்.

"எண்ணிக்கைய கேட்டா பேர சொல்றீங்க. கவனம் எங்க கீது?"

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். சார் விடவில்லை. மைனஸ் மூன்று என்று அடித்தார்.

"கைல இல்லாதத குடுக்கற பழக்கம் எப்பலேர்ந்து? போய் மொகம் கழுவிட்டு வாங்க."

ஷெட்டே சிரித்தது. சிரிக்காதவர் ஒருத்தர் தான். எங்கள் வீட்டுக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகத் திரும்பிப் பெண்கள் வரிசையில் என்னைத் தேடினார்.

"செங்கல்வராயன், இது யார் குரல்?" என்றார் சார்.

"எங்கூட்டுக்காரம்மா சார்," என்றார் இவர். பொய் சொல்ல வழியில்லை. அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா?

மேடம் விட்டுவிடுவாங்க என்று பார்த்தேன். விடவில்லை. "எழுதினது யாரா இருந்தாலும் சரி. சார் மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும்," என்று புரோகிராமைத் திறந்து காட்டினாங்க. இவரை எனக்குத் தெரியும், பேசாமல் நிற்பார். நின்றுகொண்டே ஊத்துக்கோட்டை போவார்.

"இதுல கிளாஸ் எது, ஆப்ஜெக்ட் எது?"

இவர் திரையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்கார்டு. முகம் மாறியது.

"மேடம், அச்சடிச்சு காலியா கீற பின் கார்டு தான் கிளாஸ். சாமான் பேர எழுதி ரேக்குல மாட்டிட்டா அது ஆப்ஜெக்ட். ஒரு அச்சு தான், ரெண்டாயிரம் கார்டு கீது."

"இந்த எண்ணிக்கை ஏன் பிரைவேட்?"

"போறவன் வரவனெல்லாம் கார்டுல கைய வெச்சா கணக்கு இன்னாத்துக்கு ஆவும்? ஸ்டோர் கீப்பர் கைல குடு, அவரு எழுதுவாரு."

"ஏழாவது ரேக்ல இருக்கற போல்ட்ட ஐப்பசி மாசத்துல மட்டும் பன்னெண்டாவது ரேக்ல காட்டுதே. அது தப்பா?"

"தப்பு இல்ல மேடம்." குரல் உயர்ந்துவிட்டது. "ஏழாவது ரேக்குக்கு மேல ஓடு ஒழுவுது. மழை வந்தா போல்ட்டு துரு புடிச்சிக்கும். இருபத்தேழு வருஷமா நான் தான் மாத்தி வெக்கறேன். இது யாருக்கும் தெரியாதே, எப்பிடி இதுல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ரசம், மோர் எல்லாம் வரிசையாக அவர் முகத்தில் வந்து போயிற்று.

தேவராஜ் சாருக்கே ஓடு ஒழுகுவது அன்றைக்குத் தான் தெரியும். மேடம் கையெழுத்துப் போட்டாங்க. கம்ப்யூட்டர் ரூம் இவருக்கு. புரோகிராமை ஸ்டோருக்கே வைத்துக்கொள்வதாகச் சார் சொன்னார். வெளியே வரும்போது மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற புரோகிராமையெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்து, எங்கே தப்பு வரும் என்று சொல்ல முடியுமா என்று கேட்டாங்க. அதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பார்களாம். பயப்படுவதற்குச் சம்பளம். நான் தூங்கும்போது கூடச் செய்வேன் என்றேன். விஜயதசமி அன்று மாலையை எடுத்துவிட்டு, லாப்டாப்பில் இருந்த குங்குமத்தைத் துடைத்து, முதல் வேலையை ஆரம்பித்தேன்.

ஃபேக்டரியிலிருந்து அன்று ரயிலில் திரும்பினோம். ஆவடி தாண்டியதும், "நல்லா தான் எழுதிகீற," என்றார் இவர். இரண்டு முட்டியையும் நீட்டி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் ரூமில் போய் உட்கார்ந்தார். ஏ.சி., சுழல் நாற்காலி, பகல் டூட்டி. எட்டு மணி நேரம் ஒரு கேள்வி கேட்க ஆள் கிடையாது என்று சுப்பராயனுக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். காலையில் மெதுவாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்து, புரோகிராமை மூடுகிற பட்டனை அமுக்கியிருக்கிறார்.

திரையில் வந்தது: "மணி பத்தரை தான் ஆவுது. அதுக்குள்ள எங்க கெளம்பிட்டீங்க?"